டிஸ்ப்ளே வரவில்லை: மானிட்டர் இருட்டாகவே இருந்தால் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டிஸ்ப்ளே வரலை." கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் காதில் ஓயாமல் விழும் வாக்கியம் இதுதான். மானிட்டரைப் பழைய போர்வையில் சுற்றி, பைக்கில் மடியோடு அணைத்துக்கொண்டு வந்து இறக்குவார்கள். என் மேசையில் வைத்து வயரைச் சொருகினால் பளிச்சென்று எரியும். கோளாறு வீட்டில் விட்டுவிட்டு வந்த சிபியுவில் இருக்கும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். நம் ஊரில் பெட்டி முழுவதற்கும் சிபியு என்றுதான் பெயர்; நானும் அப்படியே சொல்கிறேன். உள்ளே இருக்கும் சில்லைச் சொல்லும்போது பிராசஸர் என்பேன்.

கோளாறு மானிட்டரிலா, சிபியுவிலா? எதை முதலில் பார்ப்பது?

படம் கொண்டுவரும் கேபிளை மானிட்டர் பக்கத்தில் கழற்றிவிடுங்கள். எச்டிஎம்ஐயோ விஜிஏவோ எதுவானாலும் சரி. பவர் கார்டு மட்டும் இருக்கட்டும். இப்போது மானிட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கம்பெனி லோகோவோ, 'நோ சிக்னல்', 'செக் கேபிள்' என்று ஏதாவது எழுத்தோ ஓரிரு விநாடியாவது தெரிகிறதா?

தெரிந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அந்த எழுத்தை அனுப்புவது சிபியு அல்ல, மானிட்டரே எழுதிக்கொள்வது. அது தெரிகிறது என்றால் பவர் போர்டு, பின்விளக்கு, பேனல் (படம் தெரியும் திரைப் பகுதி) மூன்றும் உயிரோடு இருக்கின்றன. மானிட்டர் பக்கம் இனிச் சந்தேகப்பட மிச்சமிருப்பது கேபிள் சொருகும் அந்தத் துளையும் அதற்குப் பின்னால் உள்ள சிறு பகுதியும்தான்.

கேபிளைக் கழற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கேபிள் மாட்டியிருந்து மறுமுனையிலிருந்து ஒன்றும் வராவிட்டால், சில மானிட்டர்கள் எதுவும் சொல்லாமல் நேரே தூங்கப் போய்விடும். கழற்றினால்தான் வாய் திறக்கும்.

இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே இதன் முடிவைப் பொறுத்துத்தான்.

மானிட்டரில் லைட் ஆரஞ்சு நிறத்தில் மினுக்குகிறது. பழுதா?

இல்லை. காத்திருக்கிறது என்று பொருள். சிக்னல் நின்றால் மானிட்டர் தானே உறக்க நிலைக்குப் போகும் முறையை, டிஸ்ப்ளேக்களுக்கான விதிமுறைகளை வகுக்கும் வெசா அமைப்பு 1993இல் வகுத்தது. இன்றைக்கும் அந்தப் பழக்கம்தான் தொடர்கிறது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பொதுவாக ஆரஞ்சு அல்லது மினுக்கல் என்றால் 'எனக்கு எதுவும் வரவில்லை'. நீலம், வெள்ளை, பச்சை ஒரே சீராக எரிந்தால் 'நான் படம் காட்டிக்கொண்டிருக்கிறேன்'. அப்படி எரிந்தும் திரை கருப்பாக இருந்தால்தான் மானிட்டர் மேல் சந்தேகம் வலுக்கும்.

லைட்டே எரியவில்லை.

பவர் கார்டின் மானிட்டர் முனையைப் பாருங்கள். சுவர் முனையை எல்லோரும் பார்த்துவிடுவார்கள், இந்த முனையை யாரும் பார்ப்பதில்லை. பல மாடல்களில் துளை கீழ்நோக்கி இருக்கும். கார்டின் கனத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிடும். வீடு பெருக்கிய மறுநாள் வரும் 'திடீர்' கோளாறுகளில் இது ஒன்று. அழுத்திச் சொருகிப் பாருங்கள்.

சரிவரவில்லையா? நேரே சுவரில் போடும் மானிட்டர் என்றால், சிபியுவுக்குப் போகும் கார்டும் பெரும்பாலும் அதே வகைதான். இரண்டையும் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசு செலவில்லாத சோதனை. ஸ்பைக் பஸ்டரைத் தவிர்த்து நேரே சுவரிலும் ஒருமுறை போட்டுவிடுங்கள். ஸ்பைக் பஸ்டரின் ஒரு துளை மட்டும் உள்ளே கருகி, மற்றவை நன்றாக இருப்பது சாதாரணம்.

தனி அடாப்டர் வரும் மாடலாக இருந்தால் கவனம் வேண்டும். 12 வோல்ட், 14 வோல்ட், 19 வோல்ட் என்று பல உண்டு, பின் மட்டும் ஒரே மாதிரி இருந்துவிடும். லேப்டாப் அடாப்டர் சேர்கிறதே என்று சொருகி, உயிரோடு இருந்த மானிட்டரைக் கொன்றவர்கள் இருக்கிறார்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, பிளஸ் மைனஸ் படமும் ஒத்துப்போக வேண்டும்.

'நோ சிக்னல்' என்று வருகிறது. ஆனால் சிபியு ஓடுகிறதே?

மானிட்டர் எந்த வாசலில் காத்திருக்கிறது என்று பாருங்கள். கேபிள் எச்டிஎம்ஐ ஒன்றில் இருக்கும், மெனுவில் எச்டிஎம்ஐ இரண்டோ விஜிஏவோ தேர்வாகியிருக்கும். 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பொத்தானை அழுத்தி மாற்றுங்கள். தானாகத் தேடும் வசதி இருந்தாலும் அதை நம்ப வேண்டாம்; சில மாடல்கள் ஒருமுறை தேடிவிட்டுக் கைவிட்டுவிடும்.

அடுத்து, கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். விஜிஏ என்றால் 15 பின்களில் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பின் இயல்பாகவே இல்லாமல் இருப்பதுண்டு, அது உடைசல் அல்ல. டிஸ்ப்ளே போர்ட் கேபிளில் சிறு கொக்கி இருக்கும். அதை அழுத்தாமல் இழுத்தால் துளையே கையோடு வரும்.

அதன்பிறகு மானிட்டர், சிபியு இரண்டின் பவர் கார்டையும் பிடுங்கி, பவர் பொத்தான்களைச் சில விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் போடுங்கள். மந்திரம் போலத் தோன்றும், ஆனால் விஷயம் இருக்கிறது. 'நான் இன்ன மாடல், இன்ன ரெசல்யூஷன் தாங்குவேன்' என்று மானிட்டர் கேபிள் வழியாகச் சிபியுவிடம் சொல்லும். அந்தப் பேச்சு பாதியில் சிக்கிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்கும். கரண்ட் முழுதாக வடிந்தால் முதலிலிருந்து பேசும்.

கிராபிக்ஸ் கார்டு புதிதாகப் போட்டேன். அதிலிருந்து இருட்டு.

கேபிள் இன்னும் மதர்போர்டு (சிபியுவுக்குள் எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய போர்டு) துளையில்தான் இருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன். பெரும்பாலான போர்டுகளில் தனிக் கார்டு மாட்டியதும் மதர்போர்டு வெளியீடு தானாக அணைந்துவிடும். பெட்டியின் பின்னால், கீழே படுக்கைவாட்டில் இருக்கும் கார்டின் துளைகளில் ஒன்றுக்கு மாற்றுங்கள்.

இதன் தலைகீழ்க் கதையும் உண்டு. கார்டைக் கழற்றிவிட்டு மதர்போர்டு துளையில் போட்டால் படமே வராது, ஏனென்றால் பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இல்லை. இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் என்று முடிபவை, உதாரணமாக ஐ5-12400எஃப், அப்படிப்பட்டவை. ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 5600இலும் கிடையாது. 5600ஜி என்றால் உண்டு. செகண்ட்ஸில் சிபியு வாங்குகிறவர்கள் இந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் வாங்கி, "போர்டு போயிடுச்சு" என்று வருவார்கள். போர்டு நன்றாகத்தான் இருக்கும்.

கார்டில் மேல்பக்கம் 6 அல்லது 8 பின் பவர் துளை இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (சிபியுவுக்குள் எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் தரும் பெட்டி) அந்த வயரைக் கொடுத்தே ஆக வேண்டும். மதர்போர்டு ஸ்லாட் மட்டும் கொடுப்பது அதிகபட்சம் 75 வாட். வயர் இல்லாமலேயே சில கார்டுகளில் ஃபேன் சுற்றும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

எச்டிஎம்ஐ–விஜிஏ கன்வெர்ட்டர் வாங்கினேன். படம் வரவில்லை.

எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம்? அதுதான் கேள்வி. விஜிஏ 1987இல் வந்த அனலாக் முறை. எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் ஒரு சில் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டும், அந்தச் சில் ஒரே திசையில்தான் மொழிபெயர்க்கும். சிபியுவில் எச்டிஎம்ஐ, மானிட்டரில் விஜிஏ என்றால் 'எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏ' வேண்டும். சிபியு பழையது, மானிட்டர் புதியது என்றால் முற்றிலும் வேறு பொருள். கடைக்காரரிடம் "விஜிஏ எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்" என்று மட்டும் கேட்டால் கைக்கு எட்டியதைக் கொடுப்பார். இரு முனையிலும் பின் மட்டும் வைத்து, சில் இல்லாமல் வெறும் வயராக விற்கும் மலிவுக் கேபிளும் சந்தையில் உண்டு. அது எந்தக் காலத்திலும் வேலை செய்யாது.

டிஸ்ப்ளே போர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்குப் போவது சுலபம், மலிவு. எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளே போர்ட்டுக்குப் போக, தனிப் பவர் எடுக்கும் கன்வெர்ட்டர் வேண்டும். லேப்டாப்பின் டைப்-சி துளை எல்லாவற்றிலும் படம் வராது. பக்கத்தில் டிஸ்ப்ளே போர்ட் சின்னமோ மின்னல் சின்னமோ இருக்கிறதா என்று பாருங்கள்; சின்னம் போடாமலே வசதி தரும் மாடல்களும் இருப்பதால், மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, படம் மட்டும் இல்லை. ராம் பிரச்சினை என்கிறார்கள், உண்மையா?

பல நேரம் உண்மை. ஆனால் உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் அழுத்துங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் சிபியு உயிரோடு வேலை செய்கிறது, படம் வெளியே வருவதில்தான் சிக்கல். அழுத்தி அழுத்திப் பார்த்தும் விளக்கு அசையவில்லை என்றால் சிபியு தொடக்கத்திலேயே நின்றுவிட்டது. இப்போது ராமைப் பார்க்கலாம்.

பவர் கார்டைப் பிடுங்குங்கள். பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்கிவிடும். ஸ்லாட்டின் இரு முனைக் கொக்கிகளையும் விரித்தால் ராம் எழும்பும். தங்கநிறப் பட்டைகளைத் துடைத்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஸ்லாட் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

எதால் துடைப்பது? பென்சில் ரப்பரால்தான் நம் ஊரில் எல்லோரும் தேய்க்கிறார்கள். நானும் வருடக்கணக்காகத் தேய்த்திருக்கிறேன், வேலை செய்யும். ஆனால் ரப்பர் அந்த மெல்லிய தங்கப்பூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பதே இப்போது என் வழக்கம். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இது வருடத்துக்கு ஒருமுறை வரும் வேலை. உப்புக்காற்று பட்டைகளை விடாது.

சிபியு பீப் பீப் என்று கத்துகிறது.

நல்லது, அது பேசுகிறது. மதர்போர்டில் இருக்கும் பயாஸைப் (சிபியுவைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்) பொறுத்து அர்த்தம் மாறும். அவார்டு என்ற கம்பெனியின் பழைய பயாஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ் கோளாறு. உங்கள் போர்டின் கையேட்டில் பட்டியல் இருக்கும். இப்போதைய பல போர்டுகளில் பீப்புக்குப் பதில் ஓரத்தில் நான்கு குட்டி விளக்குகள் இருக்கும்: சிபியு (இங்கே பெட்டி அல்ல, பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் ஏறும் டிஸ்க்). எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள்.

புதிதாக அசெம்பிள் செய்தேன். ஐந்து நிமிடமாகக் கருப்புத் திரை. அணைத்துவிடட்டுமா?

டிடிஆர்5 ராம் போட்ட போர்டா? கொஞ்சம் பொறுங்கள். முதல் தடவை போடும்போது போர்டு ராமின் வேகத்தையும் நேரக்கணக்கையும் தானே அளந்து பழகிக்கொள்ளும். ரைசன் 7000 வரிசையில் இதற்குப் பல நிமிடம் ஆகலாம். அதற்குள் பதறி அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். டீ குடித்துவிட்டு வாருங்கள். கால் மணிக்கு மேலும் இருட்டு என்றால், ஒரே ராமை வைத்து முயலுங்கள். பயாஸில் ஏதாவது மாற்றிய பிறகு இருட்டானால், சிஆர்2032 என்ற காசு போன்ற பேட்டரியைக் கார்டு பிடுங்கிய நிலையில் பத்து நிமிடம் கழற்றி வைத்தால் பழைய அமைப்புக்குத் திரும்பும்.

கம்பெனி லோகோ தெரிகிறது. விண்டோஸ் வந்ததும் இருட்டு.

அப்படியானால் பெரும்பாலும் மானிட்டர், கேபிள், ராம் யாருக்கும் சம்பந்தமில்லை. மென்பொருள் விவகாரம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். கிராபிக்ஸ் டிரைவர் (கிராபிக்ஸை ஓட்டும் மென்பொருள்) மறுபடி தொடங்கும், ஒரு பீப் கேட்கும். இல்லையென்றால் விண்டோஸ் விசையோடு பி (P). இல்லவே இல்லாத இரண்டாவது திரைக்குப் படம் போயிருந்தால் இது திருப்பிக் கொண்டுவரும். கண்ணுக்குத் தெரியாமல் செய்ய வேண்டும் என்பதால், ஒருமுறை அழுத்தி, கீழ் அம்பு, என்டர், சில விநாடி காத்திருப்பு என்று திரும்பத் திரும்ப முயலுங்கள்.

மவுஸ் அம்பு மட்டும் தெரிந்தால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, புதிய டாஸ்க்கில் எக்ஸ்புளோரரை ஓடவிடுங்கள்.

இதிலும் அசையாவிட்டால், விண்டோஸ் ஏறும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்தால் பழுதுநீக்கும் திரை வரும். அதில் ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வரை போய் 3 அழுத்தினால் குறைந்த ரெசல்யூஷன், 4 அழுத்தினால் சேஃப் மோடு. படம் வந்ததும் கடைசியாகப் போட்ட டிரைவரை நீக்குங்கள்.

'அவுட் ஆஃப் ரேஞ்ச்' என்றால்?

மானிட்டரால் தாங்க முடியாத ரெசல்யூஷனோ ஹெர்ட்ஸோ (விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற கணக்கு) போகிறது. மேலே சொன்ன 3ஆம் எண் வழியாக உள்ளே போய் 60 ஹெர்ட்ஸுக்கு இறக்குங்கள். முடிந்தது.

படம் ஒரு விநாடி வந்து மறைந்துவிடுகிறது. லைட் மட்டும் நீலமாக எரிகிறது.

இங்கேதான் மானிட்டர் நிஜமாகவே குற்றவாளி. எல்சிடி பேனலுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, பின்னாலிருந்து விளக்கு அடித்தால்தான் படம் தெரியும். விளக்கு போனாலும் படம் அங்கேயே இருக்கும், இருட்டில். அறை விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்வாக அடித்துப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ நிழல்போலத் தெரிந்தால் பின்விளக்கோ அதை ஓட்டும் சர்க்யூட்டோதான் கோளாறு. பழைய மானிட்டர்களில் பின்னால் மெல்லிய குழல்விளக்கு இருக்கும். அதில் ஒன்று பழுதானாலும் பாதுகாப்புச் சர்க்யூட் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அதனால்தான் அந்த ஒரு விநாடி தரிசனம்.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை என்றால் உள்ளே மெயின் போர்டோ பேனலோ போயிருக்கலாம். திரையில் கோடுகள், பாதித் திரை மட்டும் வெள்ளை, மைக் கொட்டியது போன்ற கறை என்றால் பேனல் பக்கம்தான். கறை என்றால் சந்தேகமே வேண்டாம், பேனல் உடைந்துவிட்டது.

காலையில் போட்டால் பத்து நிமிடம் கழித்துத்தான் படம் வருகிறது.

பவர் போர்டில் கபாசிட்டர் (கரண்டைச் சேர்த்து வைக்கும் சிறு பாகம்) உப்பியிருக்கும். உருளை வடிவத்தில், தலையில் கத்திக்கோடு போட்டதுபோல் இருக்கும். நல்லது தட்டையாக இருக்கும், கெட்டது அப்பம்போல் உப்பியிருக்கும். சூடேறிய பிறகு தட்டுத்தடுமாறி வேலை செய்யும், அதுதான் அந்தப் பத்து நிமிடம். இது சொல்லிவைத்து வரும் நோய். நாளாக ஆகப் பத்து நிமிடம் அரை மணியாகும். அந்தக் கட்டத்திலேயே கொண்டுவந்தால் சில கபாசிட்டர்களை மாற்றுவதோடு வேலை முடியும். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெருவில் சில்லறையாகவே கிடைக்கும் பொருள். முற்றிலும் இருண்ட பிறகு வந்தால் கூடவே வேறு பாகங்களையும் இழுத்துக்கொண்டு போயிருக்கும்.

அப்போ நானே திறந்து மாற்றிவிடலாமா?

சால்டரிங் கை பழகியவர் என்றால் சிபியுவுக்குள் எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். மானிட்டருக்குள் வேண்டாம் என்பேன். நம் வீட்டு 230 வோல்ட், பவர் போர்டின் பெரிய கபாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாகச் சேர்ந்து நிற்கும். கார்டைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். முதல் வருடம் அதில் நான் வாங்கிய அடியில் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் எதிர்ச் சுவரில் போய் விழுந்தது. வாரண்டி இருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். பல கம்பெனிகள் மானிட்டருக்கு 3 வருடம் தருகின்றன. பின்பக்க ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் இருக்கும்.

சிபியுவைத் தொட்டால் சுர்ரென்கிறது. இதற்கும் டிஸ்ப்ளேவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, இதை யாரும் கேட்பதே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் சிறு கபாசிட்டர்கள் எர்த்தோடு இணைந்திருக்கும். வீட்டில் எர்த் இல்லாவிட்டாலோ, மூன்றாவது முள்ளை உடைத்துவிட்டுச் சொருகியிருந்தாலோ, அந்தக் கசிவு பெட்டியிலேயே தேங்கும். மின்னழுத்தம் ஏறக்குறைய பாதி, அதாவது 115 வோல்ட் அளவு காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு போகிறது. ஆனால் அதே நிலையில், வேறு லைனில் ஓடும் டிவியோடோ மானிட்டரோடோ எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால் அந்த வித்தியாசம் கேபிள் வழியாகப் பாயும். துளைக்குப் பின்னால் இருக்கும் சில் தாங்காது. 'நேற்றுவரை நன்றாக இருந்தது, கேபிளைக் கழற்றி மாட்டினேன், எச்டிஎம்ஐ மட்டும் போய்விட்டது' என்று வருபவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது வீட்டு எர்த்தைப் பற்றித்தான். எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்யுங்கள். அதுவரை இரண்டு பக்கமும் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டுக் கேபிள் மாட்டுங்கள்.

இடி மின்னல் நேரத்தில் ஸ்பைக் பஸ்டர் காப்பாற்றாதா?

பக்கத்தில் விழும் மின்னலுக்கு அது தூசு. வானம் உறுமும்போதே பவர் கார்டோடு நெட் கேபிளையும் பிடுங்குங்கள். நெட் கேபிளை மறந்து மதர்போர்டு போனவர்கள் அதிகம்.

சரி செய்வதா, புதிது வாங்குவதா?

பவர் போர்டு, அடாப்டர், கேபிள் என்றால் சரி செய்யுங்கள். பேனல் போயிருந்தால் விட்டுவிடுங்கள். பேனல் விலை புது மானிட்டர் விலைக்குப் பக்கத்தில் நிற்கும், போட்டவர் உத்தரவாதமும் தரமாட்டார். மெயின் போர்டு நடுவில் நிற்கும் கேஸ். அதே மாடலின் உடைந்த மானிட்டர் ஒன்று கடையில் கிடந்தால் அதன் போர்டை எடுத்துப் போடலாம், கிடைக்காவிட்டால் இல்லை. விஜிஏ துளை மட்டும் போய் எச்டிஎம்ஐ நன்றாக இருந்தால் எதையும் செய்யாதீர்கள், நல்ல துளையில் ஓட்டுங்கள்.

கழித்துக்கட்டும் பழைய மானிட்டர் குழல்விளக்கு வகை என்றால் குப்பையில் வீசவோ பழைய இரும்புக்காரரிடம் போடவோ வேண்டாம். அந்தக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. உடைத்து எடுப்பவர் மூச்சுக்குள்தான் போகும். மின்கழிவு எடுப்பவர்களிடம் முழுதாகக் கொடுங்கள். பவர் கார்டை மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை 'லைட்டே எரியவில்லை' என்னும்போது மாற்றிப் பார்க்க உதவும்.